விஸ்கிக்கு ஜாதகம் பார்ப்பவர்கள்

1

விஸ்கியைப் பற்றி எழுத இந்தப் பக்கங்கள்தானா கிடைத்தன என்று கேட்கப்போகிற நண்பர்களுக்கு முதலிலேயே ஒரு தகவல் சொல்லிவிடுகிறேன். விஸ்கியை ருசி என்ற தளத்தில் வைத்துப் பேசிய ஆரம்பகாலப் புத்தகங்களில் முக்கியமானது 1930இல் எடின்பரோவில் வெளிவந்த ‘விஸ்கி’. வெளியிட்டது போர்ப்பஸ் பிரஸ் என்ற சிறு பதிப்பகம். ஸ்காட்லாந்தின் புதிய எழுத்தைப் பிரசுரிக்க வேண்டும் என்ற வேகத்தில் 1922இல் இளைஞர்கள் சிலர் சேர்ந்து ஆரம்பித்தது அது. புத்தகத்தை ஏனியஸ் மக்டொனால்ட் என்ற புனைபெயரில் எழுதியவரும் அவர்களில் ஒருவர்தான்: ஜார்ஜ் மால்கம் தாம்ஸன். 1935இல் நாவலாசிரியர் நீல் கன் ‘விஸ்கியும் ஸ்காட்லாந்தும்’ எழுதினார். இன்வர்னஸ் நகரத்தில் கிளென் மோர் என்ற வடிசாலையில் கலால் அதிகாரியாக உத்தியோகம் பார்த்தவர் அவர். இவர்களுக்கும் முன்னால், 1920இல், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருபது வருஷம் இலக்கியப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஜார்ஜ் ஸெயின்ட்ஸ்பரி, தன் மது நிலவறைக் குறிப்புகளை ஒரு புத்தகமாக்கியிருந்தார். ஆகவே விஷயம் வெளியாருடையது அல்ல. இலக்கியக்காரர்கள் ஆரம்பித்துவைத்த ஒரு பேச்சு, வியாபாரிகள் கைக்குப் போய் என்ன கதிக்கு ஆளாகியிருக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன். அந்தக் கதியில் நமக்கும் ஒரு பாடம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

டிசம்பர் நெருங்கினால் போதும், ஆங்கிலப் பத்திரிகைகளின் வார இணைப்புகளிலும் மதுக்கடைகளின் பளபளப்பான கையேடுகளிலும் ஒரு பட்டியல் தவறாமல் வந்துவிடுகிறது. எந்த விஸ்கிக்கு எந்தப் பண்டிகைப் பலகாரம் ஜோடி என்ற பட்டியல். ஷெர்ரி பீப்பாயில் முதிர்ந்த ஸ்பேசைட் மால்ட்டா, கிறிஸ்துமஸ் கேக். போர்பன் பீப்பாயில் முதிர்ந்த இலேசான மால்ட்டா, வெண்ணெய் ஷார்ட்பிரெட். அமெரிக்க ரை விஸ்கியா, இஞ்சி ரொட்டி. ஐலா தீவின் புகை மணக்கும் மால்ட்டா, புகையூட்டிய சால்மன் மீன். நான் இவற்றைப் பல வருஷமாக விடாமல் படித்துவருகிறேன். பத்திரிகை மாறும், எழுதுகிறவர் மாறுவார், பட்டியல் மாறாது.

குடிப்பது பாபம் என்று சொல்ல நான் வரவில்லை. குடியை ஒரு கலகமாகப் பாவித்துக் கொண்டாடும் நம்முடைய பழைய நோய்க்கும் நான் ஆள் இல்லை. இந்த ஜோடி சேர்க்கும் காரியம் நாக்கால் நடக்கவில்லை, வார்த்தையால் நடக்கிறது என்பதே என் குற்றச்சாட்டு. ஷெர்ரி பீப்பாய் மால்ட்டைப் பற்றிய ருசிக் குறிப்பை எடுத்துப் பாருங்கள். ‘உலர்திராட்சை, அத்திப்பழம், ஆரஞ்சுத் தோல், கிராம்பு, கிறிஸ்துமஸ் கேக்’ என்று இருக்கும். அடுத்த பக்கத்தில், இதனுடன் எதைத் தின்னலாம் என்றால், கிறிஸ்துமஸ் கேக். போர்பன் பீப்பாய் மால்ட்டில் வனிலா, வெண்ணெய், பிஸ்கத்து வாசனை என்று ஒருவர் எழுதுவார். அதனால் வெண்ணெய் பிஸ்கத்து. ரையில் இஞ்சியும் பட்டையும் மணக்கிறது. அதனால் இஞ்சி ரொட்டி. பெண்ணின் நட்சத்திரத்தையும் பிள்ளையின் நட்சத்திரத்தையும் பஞ்சாங்கத்தில் பார்த்து, இருவரையும் நேரில் பார்க்காமலே முகூர்த்தம் குறிக்கும் ஜோசியருக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்? ஜோசியராவது இரண்டு ஜாதகங்களைப் பார்க்கிறார். இவர் ஒரே ஜாதகத்தை இரண்டு தடவை பார்க்கிறார்.

2

விஸ்கியில் அந்தக் கேக் வாசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும்.

ஸ்காட்ச் விஸ்கியில் தண்ணீரையும், நிறத்துக்காகச் சாதாரணக் கருக்கிய சர்க்கரையையும் தவிர வேறு எதையும் சேர்க்கக்கூடாது என்பது சட்டம். 2009ஆம் வருஷத்து விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. ஸ்காட்லாந்துக்குள், 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில், குறைந்தது மூன்று வருஷம் கிடக்க வேண்டும். 40 சதவீதத்துக்குக் குறையாத சாராயத்தோடு புட்டியில் அடைக்க வேண்டும். ஆகவே உலர்திராட்சை வாசனையில் பெரும்பங்கு பீப்பாயிலிருந்து வர வேண்டும். ஸ்பெயினின் ஹெரேஸ் பிரதேசத்து ஷெர்ரி ஒருகாலத்தில் பீப்பாயிலேயே கப்பலேறி பிரிட்டனுக்கு வந்தது. ஷெர்ரியைப் புட்டியில் அடைத்துவிட்ட பிறகு காலிப் பீப்பாய் மலிவாகக் கிடைத்தது. சிக்கனக்காரர்களான ஸ்காட்லாந்துக்காரர்கள் அதில் தங்கள் சாராயத்தை ஊற்றிவைத்தார்கள். அமெரிக்காவில் போர்பனைக் கருக்கிய புதுப் பீப்பாயில்தான் முதிர வைக்க வேண்டும் என்று 1930களில் விதி வந்த பிறகு, அங்கே ஒரு தடவை உபயோகித்துக் கழித்த பீப்பாய்களும் இதே மாதிரி வந்து சேர்ந்தன. வனிலா வாசனையின் பூர்வோத்தரம் அதுதான். ஸ்காட்ச்சின் ருசியில் பாதிக்கு மேல் அடுத்தவன் கழித்துப்போட்ட மரத்தின் ருசி. இதில் கேவலம் ஏதும் இல்லை. தற்செயலும் சிக்கனமும் சேர்ந்து ஒரு மரபை உண்டாக்கியிருக்கின்றன. பல கலைகளில் நடப்பதுதான் இது.

பிறகு 1980களில் ஷெர்ரியை ஸ்பெயினிலேயே புட்டியில் அடைக்கும் முறை வந்தது. பீப்பாய் வருவது நின்றுபோயிற்று. ஆனால் கேக் வாசனைக்குக் கிராக்கி நிற்கவில்லை. இப்போது விஸ்கிக்காகவே புதுப் பீப்பாய் செய்து, அதில் ஷெர்ரியை ஓரிரு வருஷம் ஊறவைத்து, பிறகு கொட்டிவிட்டுப் பீப்பாயை அனுப்புகிறார்கள். ஊறிய ஷெர்ரியில் பெரும்பகுதி யாரும் குடிப்பதற்கல்ல. காடியாகவோ மறுபடி வடிப்பதற்கோ போகிறது. இதோடும் முடியவில்லை. போர்பன் பீப்பாயில் பத்து வருஷம் கிடந்த மால்ட்டைக் கடைசிச் சில மாதங்களுக்கு மட்டும் பெட்ரோ ஹிமேனெஸ் என்ற கருந்திராட்சைப் பாகு மாதிரியான ஷெர்ரி ஊறிய பீப்பாய்க்கு மாற்றி, ‘மெருகேற்றி’, டிசம்பருக்கு முன் சந்தைக்கு அனுப்புகிறார்கள்.

இங்கே என்ன நடந்திருக்கிறது? முதலில் விஸ்கி இருந்தது. அதைக் குடித்த யாரோ ஒருவருக்கு உண்மையிலேயே தன் வீட்டுக் கேக் ஞாபகம் வந்தது. அவர் அதைச் சொன்னார். அது ஒரு அனுபவத்தின் வெளிப்பாடு. அந்த வார்த்தை அச்சேறியது, விலை போயிற்று. இப்போது அந்த வார்த்தைக்குப் பொருந்தும்படி விஸ்கியைத் தயாரிக்கிறார்கள். சொல் முந்திக்கொண்டு போய்விட்டது. பொருள் அதன் பின்னால் மூச்சிரைக்க ஓடுகிறது.

சரி, வார்த்தை எப்படி வந்தால் என்ன, ஜோடி நாக்குக்கு நன்றாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். நன்றாக இல்லை என்பதுதான் விசேஷம். ஷெர்ரி பீப்பாய் மால்ட்டை முதலில் தனியாக ஒரு வாய், பிறகு கனமான பழக் கேக் ஒரு துண்டு தின்றுவிட்டு ஒரு வாய் என்று நான் பல தடவை பார்த்திருக்கிறேன். முதல் வாயில் இருந்த திராட்சை இனிப்பு இரண்டாவது வாயில் இருக்காது. கேக்கின் சர்க்கரை நாக்கை நிரப்பியிருக்கிறது. விஸ்கியின் இலேசான இனிப்பு அதற்குமேல் எடுபடாது. எஞ்சுவது மரத்தின் துவர்ப்பு, கசப்பு, சாராய எரிச்சல். இதற்கு ஸ்காட்லாந்து போக வேண்டியதில்லை. அல்வா தின்ற வாயோடு காபி குடித்துப் பார்த்த எவருக்கும் தெரியும், காபி சப்பென்று கசக்கும். இனிப்புக்கும் காபிக்கும் நடுவில் கொஞ்சம் காராசேவையோ மிக்சரையோ வைத்த நம் வீட்டுப் பெண்களும் ஓட்டல்காரர்களும் எந்தக் கையேட்டையும் படித்தவர்கள் அல்ல. ஸ்வீட், காரம், காபி என்ற வரிசையில் ருசியைப் பற்றிய ஒரு ஞானம் இருக்கிறது. காரமும் உப்பும் நாக்கைத் துடைத்து, அடுத்து வருவதற்கு இடம் பண்ணிக்கொடுக்கின்றன. கேக்குக்குக் கேக் வாசனையை ஜோடி சேர்க்கிறவருக்கு இந்த ஞானம் இல்லை.

3

இந்த வார்த்தைகளுக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதைச் சொல்லாமல் வியாபாரிகளைத் திட்டுவது சுலபமான காரியமாகிவிடும்.

1979இல் ஸ்காட்லாந்தின் பென்ட்லாண்ட்ஸ் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள் விஸ்கிக்கு ஒரு வாசனைச் சக்கரம் தயாரித்தார்கள். தானியம், பழம், பூ, புகை, மரம் என்று பெரும் பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் உட்பிரிவுகள். அதில் கந்தக வாடையும் உண்டு. வடிப்பின் வால்பகுதியில் ஏறிவிடும் வியர்வை, பழைய தோல் மாதிரியான வாடைகளும் உண்டு. அது வடிசாலையில் வேலை செய்பவர்களுக்கும் கலவைக்காரர்களுக்குமாகச் செய்த சாதனம். நாற்றத்துக்கும் வாசனைக்கும் அதில் சம அந்தஸ்து இருந்தது. தப்பு எங்கே நடந்தது என்று இரண்டு பேர் ஒரே சொல்லில் பேசிக்கொள்ள முடிய வேண்டும் என்பதே அதன் காரியம். எந்த நல்ல விமர்சன பாஷையும் இப்படி ஒரு தேவையிலிருந்துதான் பிறக்கிறது.

அதே சமயத்தில் தொழிலுக்கு நெருக்கடி வந்தது. விஸ்கி விற்காமல் தேங்கிற்று. 1983இல் டிஸ்டில்லர்ஸ் கம்பெனி ஒரே மூச்சில் பத்துக்கு மேற்பட்ட மால்ட் வடிசாலைகளை மூடியது. ஐலாவில் போர்ட் எலன், வடக்கே புரோரா, இன்வர்னஸில் நீல் கன் உத்தியோகம் பார்த்த அதே கிளென் மோர். கிளென் மோர் 1986இல் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. (புரோரா 2021இலும் போர்ட் எலன் 2024இலும் மறுபடி திறந்திருக்கின்றன. கிளென் மோருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.) கலவை விஸ்கி விற்காத இடத்தில் மால்ட்டை விற்றாக வேண்டும். மால்ட்டை விற்க, ஒவ்வொன்றும் எப்படி வேறு என்று சொல்லியாக வேண்டும். 1988இல் பிரதேசத்துக்கு ஒன்றாக ஆறு மால்ட்டுகளை ஒரே பலகையில் அடுக்கி ‘கிளாஸிக் மால்ட்ஸ்’ என்று சந்தைக்குக் கொண்டுவந்தார்கள்: கிளென்கின்ச்சி, டால்வின்னி, கிராகன்மோர், ஓபன், டாலிஸ்கர், லாகவுலின். 1989இல் மைக்கேல் ஜாக்ஸன் என்ற ஆங்கிலேயப் பத்திரிகையாளர் தன் மால்ட் விஸ்கித் துணைநூலை வெளியிட்டார். பாட்டுக்காரர் வேறு, இவர் வேறு. 2007இல் காலமானார். ஒவ்வொரு மால்ட்டுக்கும் வாசனை, ருசி, முடிவு என்று குறிப்பு. நூற்றுக்கு இத்தனை என்று மார்க்கு.

அவர் நிஜமாகவே ருசித்தவர், வடிசாலைகளில் அலைந்தவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் பின்னால் வந்தவர்களுக்கு அவர் மூக்கு கிடைக்கவில்லை, அவர் வாக்கிய அமைப்பு மட்டும் கிடைத்தது. பென்ட்லாண்ட்ஸ் சக்கரத்திலிருந்து கந்தகமும் வியர்வையும் சத்தமில்லாமல் கழன்று விழுந்தன. பழமும் தேனும் கேக்கும் மிஞ்சின. தப்பைச் சொல்ல உண்டான பாஷை, தப்பே சொல்லத் தெரியாத பாஷையாக மாறியது. இப்போதைய ருசிக் குறிப்பு ஒன்றில் ‘இது மோசம்’ என்ற வாக்கியத்தைத் தேடிப் பாருங்கள். ‘துணிச்சலானது’, ‘எல்லோருக்கும் உரியதல்ல’ என்ற இடக்கரடக்கல்தான் அகப்படும்.

4

இனி பண்டிகைக்கு வருவோம். ஜோடிக்காரர்கள் மரபு மரபு என்று மூச்சுக்கு முன்னூறு தடவை சொல்வதால் இது அவசியமாகிறது.

ஸ்காட்ச்சும் கிறிஸ்துமஸ் கேக்கும் ஆதிகாலம் தொட்டு ஜோடி என்ற பாவனையில் எழுதுகிறார்கள். ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸ் தினம் பொது விடுமுறையானது 1958இல்தான். கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் போப்பாண்டவர் மதத்தின் மிச்சம் என்று சீர்திருத்தத் திருச்சபை கருதியது. 1640இல் ஸ்காட்லாந்துப் பார்லிமெண்ட் கிறிஸ்துமஸ் கால விடுமுறையைச் சட்டம் போட்டே ஒழித்தது. அந்த ஜனங்களின் குளிர்காலப் பண்டிகை வருஷக் கடைசி ராத்திரி, ஹாக்மனே. நள்ளிரவு தாண்டியதும் வாசல்படியில் முதலில் கால் வைப்பவர் கறுத்த தலைமுடிக்காரராக இருந்தால் வீட்டுக்கு நல்லது. அவர் கையில் ஒரு கரித்துண்டு, ஷார்ட்பிரெட் அல்லது பிளாக் பன், ஒரு விஸ்கிப் புட்டி.

இந்த பிளாக் பன்னைக் கவனிக்க வேண்டும். உள்ளே உலர்திராட்சையும் பாதாமும் நெருக்கி அடைத்திருக்கும். கூடவே இஞ்சி, பட்டை, முக்கியமாக மிளகு. சுற்றிலும் இனிப்பில்லாத மாவுத் தோல். வாரக்கணக்கில் முன்னதாகவே செய்து ஊறவைப்பார்கள். பழக் கேக்கின் பக்கத்தில் வைத்து இதை நான் தின்று பார்த்திருக்கிறேன். விஸ்கியோடு கேக் தோற்கும் இடத்தில் இது தோற்பதில்லை. தோலின் சப்பிட்ட தன்மையும் மிளகின் உறைப்பும் பழத்தின் இனிப்பைக் கட்டிப்போடுகின்றன. காராசேவை உள்ளேயே வைத்துக் கட்டிய இனிப்பு என்று நம் வழியில் சொல்லலாம். எந்த நிபுணரும் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தது அல்ல இது. பல தலைமுறைகள் தின்று குடித்து நிர்ணயமானது. கையேடுகளிலோ பிளாக் பன் அபூர்வம். புட்டியின் மேல் அச்சடித்த குறிப்பில் அந்த வார்த்தை இல்லை, உலகத்தின் மற்ற சந்தைகளில் அது விளங்காது. எனவே அந்த இடத்தில் கேக்.

ஜனவரி 25 வந்தால் இன்னொரு வேஷம். ராபர்ட் பர்ன்ஸின் பிறந்தநாள். ஆட்டின் இருதயம், ஈரல், நுரையீரலை ஓட்ஸோடும் கொழுப்போடும் வெங்காயத்தோடும் கொத்தி, மிளகு போட்டு, இரைப்பையில் திணித்து அவித்த ஹாகிஸ் பலகாரத்தை மேஜைக்கு ஊர்வலமாகக் கொண்டுவந்து, அதன் மேல் பர்ன்ஸ் 1786இல் எழுதிய கவிதையைச் சொல்லிக் கத்தியால் கிழித்து, விஸ்கியோடு தின்பார்கள். கவி செத்து ஐந்து வருஷம் கழித்து 1801இல் அவர் பிறந்த அல்லோவே கிராமத்தில் சிநேகிதர்கள் சிலர் கூடிச் சாப்பிட்டதுதான் இதன் ஆரம்பம். பர்ன்ஸும் கலால் அதிகாரியாக இருந்தவர் என்பதை இந்த விருந்துகளில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. விஸ்கியைப் பாடியதும் அவர்தான், திருட்டுச் சாராயத்தைத் தேடிக் குதிரையில் அலைந்ததும் அவர்தான்.

இந்த வேஷத்தை ஸ்காட்லாந்தின் நவீனத்துவக் கவி ஹ்யூ மக்டயர்மிட் 1926இலேயே கிழித்தெறிந்துவிட்டார். குடிகாரன் ஒருவன் நிலா வெளிச்சத்தில் மலைச்சரிவில் விழுந்து கிடந்து, தேசச் சின்னமான முட்செடியைப் பார்த்துக்கொண்டிருப்பதாக அமைந்த அவருடைய நெடுங்கவிதை, 2,600க்கும் மேற்பட்ட வரிகள் கொண்டது. அது எதில் ஆரம்பிக்கிறது? விஸ்கி முன்மாதிரி இல்லை, கலப்படமாகிவிட்டது என்ற புலம்பலில். அங்கிருந்து நேரே பர்ன்ஸ் விருந்துகளுக்குப் போகிறது. கவியைப் படிக்காமலே கவி பெயரால் கூடித் தின்னும் உலகளாவிய கூட்டத்தை நையப்புடைக்கிறது. விஸ்கியின் கலப்படமும் ரசனையின் கலப்படமும் அவருக்கு ஒரே விஷயத்தின் இரு முகங்கள். இதைச் சொல்ல அவருக்கு ஒரு குடிகாரனின் வாய் தேவைப்பட்டது. நிதானமாக இருந்தவர்கள் எல்லோரும் விருந்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

5

பின் ஜோடியே கூடாதா? கூடும். எதற்காக என்பதுதான் கேள்வி.

முதலில் விஸ்கியை விஸ்கியாகப் பார்க்க வேண்டும். கலவைக்காரர்கள் வேலை நேரத்தில் தண்ணீர் சேர்த்து, சாராயத்தைச் சுமார் 20 சதவீதத்துக்குக் குறைத்து, பெரும்பாலும் முகர்ந்தே பார்க்கிறார்கள். தண்ணீர் சேர்த்தால் கெட்டது என்ற வீறாப்பு அவர்களிடம் இல்லை. புகை வாசனை தரும் குவாயக்கால் போன்ற மூலக்கூறுகள், சாராய வீரியம் குறையும்போது திரவத்தின் மேல்மட்டத்துக்கு வருகின்றன என்று 2017இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் கணினி மாதிரி கொண்டு காட்டினார்கள். தொழிலாளிகளின் வழக்கத்துக்கு விஞ்ஞானம் பின்னால் வந்து சாட்சி சொன்னது.

இரண்டாவது, எதிர்மறைகளைப் பார்க்க வேண்டும். கொழுப்பு சாராயத்தின் எரிச்சலை மழுக்கும். உப்பு கசப்பைத் தணிக்கும். இதனால்தான் நீலப் பூசண நரம்போடிய, உப்பும் கொழுப்புமான ஸ்டில்டன் சீஸ், பீட் புகை மால்ட்டின் முன்னால் சமமாக நிற்கிறது. மிளகும் கொழுப்புமான ஹாகிஸ் நிற்பதும் இதனால்தான். மிளகாயின் கதை வேறு. மிளகாயும் சாராயமும் வாயில் ஒரே எரிச்சல் நரம்பைத்தான் தட்டுகின்றன. ஒன்று இன்னொன்றைக் கூட்டிவிடும். நம் ஊரில் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு குடிப்பவன் விஸ்கியை ருசிப்பதற்காக அப்படிச் செய்யவில்லை. வெல்லப்பாகில் வடித்த, விஸ்கி என்று பேர் வைத்த ஒன்றின் ருசியிலிருந்து தப்பிப்பதற்காகச் செய்கிறான். அவன் காரியத்தில் ஒரு நேர்மை இருக்கிறது.

மூன்றாவதுதான் முக்கியம். ஒத்ததை ஒத்ததோடு வைப்பதற்கும் ஒரு உபயோகம் உண்டு. ஜோடிக்காரர்கள் நினைக்கும் உபயோகம் அல்ல. புகையூட்டிய சால்மனைத் தின்றுவிட்டு ஐலா மால்ட்டைக் குடித்தால் புகை இரட்டிப்பதில்லை. மூக்கு புகைக்குப் பழகிப்போய் அதைக் கேட்காமல் விட்டுவிடுகிறது. புகை விலகிய இடத்தில், அதுவரை மறைந்திருந்த பார்லியின் இலேசான தித்திப்பும் எலுமிச்சை மாதிரியான ஒரு கூர்மையும் தெரியவருகின்றன, நல்ல மால்ட்டாக இருந்தால். வெறும் புகையை மட்டும் நம்பிச் செய்ததாக இருந்தால் ஒன்றும் தெரியாது. ஒரு எரிச்சலும் வெறுமையும் மிஞ்சும். கேக் விஷயத்திலும் இப்படியே. கேக் விஸ்கியின் கேக்கை எடுத்துக்கொண்டுவிடுகிறது. மிச்சம் என்ன? சில மாத மெருகில் வந்த மால்ட்டில் பச்சை மரத்தின் துவர்ப்புதான். நல்ல பீப்பாயில் இருபது வருஷம் கிடந்த ஒன்றில் இனிப்பு போன பிறகும் பெயர் சொல்ல முடியாத ஒன்று நிற்கிறது.

ஆக, ஒப்புமை என்பது கூட்டல் அல்ல, கழித்தல். ஒத்ததைப் பக்கத்தில் வைத்து, அது எடுத்துக்கொண்டது போக எது மிஞ்சுகிறது என்று பார்க்கிற சோதனை. ஜோடிக்காரர்கள் கையில் ஒரு உரைகல் இருக்கிறது. அவர்கள் அதைக் கல்யாணப் பந்தலில் மணையாகப் போட்டிருக்கிறார்கள்.

6

இது எங்கோ குளிர்தேசத்துச் சமாசாரம் என்று நண்பர்கள் ஆறுதல் அடைய வேண்டாம்.

தீபாவளிக்கு முந்தின வாரங்களில் நம் ஆங்கிலப் பத்திரிகைகளிலும் இதே பட்டியல் வர ஆரம்பித்திருக்கிறது. மோதிசூர் லட்டுக்கு எந்த மால்ட், காஜு கத்லிக்கு எது என்று. கிறிஸ்துமஸ் கேக் இருந்த இடத்தில் லட்டு. மற்றபடி வாக்கியம் அதேதான். அவித்த பிளம் பழத்தை ஆயுளில் பார்த்திராத ஒருவர் ‘அவித்த பிளம்’ என்று தயக்கமின்றி எழுதுகிறார். சாம்பிராணி, கருப்பட்டி, ஆஸ்பத்திரி டிங்க்சர் என்று தன் மூக்குக்குத் தெரிந்ததைச் சொல்லலாமே என்றால், அதையும் நாளைக்கு ஒரு பட்டியலாக்கி விற்றுவிடுவார்கள். பட்டியலில் எந்தச் சொல் இருக்கிறது என்பதல்ல என் சண்டை. சொல்லுக்கு முன்னால் ஒரு அனுபவம் இருந்ததா, சொல்லுக்குப் பின்னால் ஒரு தீர்ப்பு வருகிறதா என்பதுதான்.

இப்போது நம்முடைய புத்தக மதிப்புரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கவிதைத் தொகுதி வந்தால் என்ன எழுதுகிறோம்? காஃப்காவின் இருள், மார்க்வெஸின் மாயம், மௌனியின் மூட்டம், போர்ஹேஸின் புதிர்வழி. அசல் ருசிக் குறிப்பு. வாசனைகள் அடுக்கியாயிற்று, புத்தகம் நல்லதா இல்லையா என்ற கேள்வி வந்தால் ‘தமிழுக்குப் புதிது’, ‘எல்லோருக்குமான எழுத்து அல்ல’. பின்னட்டையில் இருக்கும் வார்த்தை மதிப்புரைக்கு வருகிறது, மதிப்புரையில் இருந்த வார்த்தை அடுத்த புத்தகத்தின் பின்னட்டைக்குப் போகிறது. கேக் வாசனை உள்ள விஸ்கிக்குக் கேக். அடுத்த கட்டமும் வந்துவிட்டது. மதிப்புரைகளில் எந்தச் சொல் விலை போகிறது என்று பார்த்து, அந்தச் சொல்லுக்குப் பொருந்தும்படி எழுதும் இளைஞர்கள் இருக்கிறார்கள். பத்து வருஷம் தன் பீப்பாயில் கிடந்த அனுபவத்தைக் கடைசி மூன்று மாதம் லத்தீன் அமெரிக்கப் பீப்பாய்க்கு மாற்றி மெருகேற்றி, ஜனவரிப் புத்தகக் கண்காட்சிக்குக் கொண்டுவருகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அந்தப் பீப்பாயைச் செய்து கொடுத்தது விமர்சனம் என்ற பேரில் நாம் எழுதியது.

செய்ய வேண்டியது கழித்தல் கணக்கு. ஒரு கவிதை போர்ஹேஸை ஞாபகப்படுத்துகிறதா? நல்லது. போர்ஹேஸைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அவர் எடுத்துக்கொள்ள வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும். பிறகு கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஏதாவது இருந்தால், அதற்கு இன்னும் பெயர் இருக்காது. அதைப் பற்றி எழுதுங்கள். ஒன்றும் இல்லை என்றால், ஒன்றும் இல்லை என்று எழுதுங்கள். பென்ட்லாண்ட்ஸ் ஆட்கள் கந்தக நாற்றம் என்று ஒரு கட்டத்தைத் தங்கள் சக்கரத்தில் மரியாதையாக ஒதுக்கிவைத்தார்களே, அந்த ஒரு கட்டம் நம் விமர்சனத்தில் காலியாகக் கிடக்கிறது. அதை நிரப்ப முன்வருகிறவர்களுக்குப் பண்டிகை விருந்துகளுக்கு அழைப்பு வருவது குறையும். அந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளக் கூடியவர்கள் பத்துப் பேர் இருந்தால் இப்போதைக்குப் போதும்.